நியூஜெர்சிக்குப் புதிதாக வருகிறீர்களா? கவர்னர் பெயரைச் சொல்லி வருகிறவரிடம் கரண்டு பில்லைக் காட்டாதீர்கள்

எடிசன் பக்கம் நாங்கள் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் பற்றியெல்லாம் உங்கள் அலுவலகத்திலேயே சொல்லிவிடுவார்கள், அதனால் அவற்றை நான் வேகமாகக் கடந்து போகிறேன். வந்த வாரமே சோஷியல் செக்யூரிட்டிக்கு விண்ணப்பியுங்கள். வீட்டுச் சாவி வாங்கும் முன்பே கரண்டையும் கேஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். டிரைவிங் லைசென்ஸுக்கு எம்.வி.சி (இங்கத்திய ஆர்.டி.ஓ ஆபீஸ் மாதிரி) போகும்போது மூல ஆவணங்கள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். அங்கே வாக்காளர் பதிவு பற்றி ஒரு கேள்வி வரும். விசாவில் இருந்தாலும் சரி, கிரீன் கார்டில் இருந்தாலும் சரி, அதற்கு வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். குடியுரிமை இல்லாதவர் கவர்னர் தேர்தலில் வாக்களிப்பது குற்றம், இந்த நாட்டில் இருப்பதற்கே உலை வைத்துவிடும். அப்புறம், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆங்கர் என்றொரு மாநில நிவாரணம் உண்டு. ஆண்டு வருமானம் ஒன்றரை லட்சம் டாலருக்குள் இருந்தால் 65 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 450 டாலர் வரை கிடைக்கும். நம்மவர்கள் பாதிப் பேர் அது வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

நம் ஊரில் கவர்னர் என்றால் டெல்லி அனுப்பி வைக்கிறவர். இங்கே கவர்னரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், வேலையும் அதிகாரமும் நம் முதலமைச்சர் மாதிரி. நான்கு வருடப் பதவி, தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கிடையாது. அப்போதைய கவர்னர் ஃபில் மர்ஃபியின் இரண்டு முறையும் முடிய இருந்ததால் 2025 நவம்பர் 4 அன்று தேர்தல் நடந்தது. குடியரசுக் கட்சியில் ஜாக் சிட்டரெல்லி, ஜனநாயகக் கட்சியில் மிக்கி ஷெரில். அந்த வருடம் இலையுதிர் காலம் முழுக்க எங்கள் தெருவில் புல்வெளிக்குப் புல்வெளி பெயர்ப் பலகை, தபால் பெட்டி நிறைய வழவழ அட்டைகள், எல்லாவற்றிலும் ஒரே பேச்சு: செலவு, செலவு, செலவு.

சிட்டரெல்லி கணக்காளர், மாநில சட்டமன்றத்தில் இருந்தவர், கவர்னர் பதவிக்கு அது அவருக்கு மூன்றாவது முயற்சி. வீட்டு வரி வீட்டு மதிப்பில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டாமல் கட்டுப்படுத்துவேன், பள்ளிகளுக்கு மாநிலம் பணம் பிரிக்கும் கணக்கையே மாற்றுவேன், கம்பெனிகளுக்கான வரியைக் குறைப்பேன் என்றார். 2024-ல் சராசரி வீட்டு வரி 10,000 டாலரைத் தாண்டிய மாநிலத்தில் அந்தப் பேச்சு எடுபடாமல் இருக்குமா? கரண்டு விஷயத்தில், மின் நிலையங்களின் கார்பன் புகைக்குக் கட்டணம் வாங்கும் ஆர்.ஜி.ஜி.ஐ என்ற மாநிலக் கூட்டிலிருந்து வெளியே வருவேன், கடலில் காற்றாலை கூடாது, இயற்கை எரிவாயுவும் அணுமின்சாரமும் போதும் என்பது அவர் வழி. ஷெரில் கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர், அப்போது 2019 முதல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். பதவியேற்ற முதல் நாளே மின்கட்டணத்துக்காக அவசரநிலை அறிவிப்பேன், கட்டண உயர்வை உறைய வைப்பேன், சூரிய சக்தி, பேட்டரி, அணுமின்சாரம் என்று உற்பத்தியைக் கூட்டுவேன் என்றார். 'ரேட் ஃப்ரீஸ்' என்ற இரண்டு சொல்லை டிவியில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது கேட்டிருப்போம். எங்கள் வீட்டில் அதை அதிகம் கேட்டவர் அப்பா.

அப்பா கோவில்பட்டியிலிருந்து ஜூலையில் வந்திருந்தார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போனபின் பகல் முழுக்க அவரும் டிவியும்தான். அக்டோபரில் ஒரு நாள் மதியம் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்திருக்கிறார். கழுத்தில் அடையாள அட்டை, மஞ்சள் கோட்டு, கையில் டேப்லெட்டோடு ஒரு பையன். அவன் பேசிய இங்கிலீஷில் அப்பாவுக்குப் பிடிபட்டது மூன்று சொற்கள்: கவர்னர், எலெக்ட்ரிக், ஃப்ரீஸ். பில்லைக் காட்டச் சொல்லிச் சைகை செய்திருக்கிறான். அப்பா அவனை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஃபிரிட்ஜ் மேல் நான் காந்தம் வைத்து மாட்டியிருந்த பில்லை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

இதில் அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவே இல்லை. நாற்பது வருடமாக ரீடிங் எடுக்க ஈ.பி.காரர் வீட்டுக்குள் வருவதும், அப்பா வெள்ளை அட்டையை எடுத்து நீட்டுவதும், அவர் குறித்துவிட்டுப் போவதும்தான் வழக்கம். அதைவிட, முதலமைச்சர் சொன்னால் பில் மாறும் என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர். 2016 மே மாதம் ஜெயலலிதா பதவியேற்ற அன்றே 100 யூனிட் இலவசம் என்று கையெழுத்துப் போட்டார், எங்கள் வீட்டு அட்டையிலும் அது வந்தது. அப்படிப் பழகிய மனிதரிடம் போய் கவர்னர் ஃப்ரீஸ் என்றால் அவர் என்ன நினைப்பார்? கையெழுத்துப் போட்டுவிட்டார். டேப்லெட்டில் விரலால், பேங்கில் போடுகிற அதே தமிழ்க் கையெழுத்து. அப்புறம் அந்தப் பையன் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் 'யெஸ்' சொல்லச் சொல்லியிருக்கிறான். நான் சாயங்காலம் வந்ததும் அப்பா சந்தோஷமாகச் சொன்னார்: "ஏம்மா, கவர்னர் ஆபீஸ்ல இருந்து வந்தாங்க, இனிமே கரண்டு பில் ஏறாதாம்."

எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும், அசதியில் "சரிப்பா" என்றுவிட்டேன். ஒரு வாரத்தில் கரண்டு கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தேர்தல் அட்டைகளோடு சேர்ந்து அதுவும் குப்பைக்குப் போய்விட்டது. அதுதான் நான் செய்த பெரிய பிழை, ஏன் என்று கீழே சொல்கிறேன். டிசம்பர் பில்லைப் பார்த்தால் 90 டாலர் அதிகம். குளிரால் இருக்கும் என்று முதலில் நினைத்தோம். இரண்டாம் பக்கத்தைத் திருப்பியபோதுதான், 'சப்ளை' என்ற தலைப்பின் கீழ் நாங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது. யூனிட்டுக்கு கிட்டத்தட்ட ஏழு சென்ட் கூடுதல்.

நடந்தது இதுதான். 1999-ல் வந்த ஒரு மாநிலச் சட்டத்தின்படி, இங்கே கம்பி இழுத்து வீட்டுக்குக் கரண்டு கொண்டுவரும் கம்பெனி வேறு, கரண்டை விற்கும் கம்பெனி வேறாக இருக்கலாம். பி.எஸ்.இ அண்ட் ஜி, ஜே.சி.பி அண்ட் எல் போன்ற கம்பெனிகளின் கம்பி மாறவே மாறாது. சப்ளையை மட்டும் நீங்கள் விரும்பினால் வெளிக் கம்பெனிக்கு மாற்றலாம். நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தால் கரண்டு, கேஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் மாநிலத்தின் பி.பி.யூ வாரியம் மேற்பார்வை பார்க்கும் ஏலத்தில் முடிவான விலை உங்களுக்கு வரும். வெளிக் கம்பெனி விலையை அந்த வாரியம் நிர்ணயிப்பதில்லை. முதல் மாதங்களுக்கு மலிவாகக் காட்டிவிட்டு அப்புறம் மாதாமாதம் மாறும் விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் சப்ளையைத் தங்கள் பக்கம் மாற்ற அவர்களுக்கு வேண்டியது உங்கள் கணக்கு எண்ணும் ஒரு சம்மதமும். வாசலில் பில்லைக் காட்டச் சொல்வது அந்த எண்ணுக்காகத்தான்.

வேட்பாளர்கள் பேச்சுக்கும் நம் பில்லுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அது தெரிந்திருந்தால் வாசலில் நிற்பவன் பொய் சொல்கிறான் என்று ஒரு நிமிடத்தில் பிடித்துவிடலாம். நியூஜெர்சி, பி.ஜே.எம் என்ற மின் தொகுப்பில் இருக்கிறது. அதில் 13 மாநிலங்களும் வாஷிங்டன் நகரமும் அடக்கம். தேவைப்படும்போது கரண்டு தரத் தயாராக இருப்பதற்காக மின் நிலையங்களுக்குக் கொடுக்கும் தொகையை அந்தத் தொகுப்பு ஏலத்தில் முடிவு செய்கிறது. 2024 ஜூலை ஏலத்தில் அது ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு சுமார் 29 டாலரிலிருந்து சுமார் 270 டாலராக எகிறியது. டேட்டா சென்டர்களால் தேவை ஏறிக்கொண்டே போக, பழைய நிலையங்கள் மூடப்பட, புதியவை வரத் தாமதமானது. அந்தச் சுமை 2025 பிப்ரவரி மாநில ஏலத்தில் இறங்கி, ஜூன் 1 முதல் வீட்டு பில்கள் 17 முதல் 20 சதவீதம் ஏறின. நவம்பரில் யார் ஜெயித்தாலும் முடிந்துபோன ஏலத்தைத் திருப்ப முடியாது. கவர்னரால் வாரியத்துக்கு உறுப்பினர்களை நியமிக்க முடியும், பில்லில் கழிவு கொடுக்க ஏற்பாடு செய்ய முடியும், புது நிலையங்களுக்கு வழி திறக்க முடியும். சிட்டரெல்லி சொன்னபடி ஆர்.ஜி.ஜி.ஐ-யை விட்டு வருவதும் நடக்கக் கூடியதுதான், மர்ஃபிக்கு முன் கவர்னராக இருந்த கிறிஸ் கிறிஸ்டி காலத்தில் வெளியே போய், மர்ஃபி காலத்தில் 2020-ல் திரும்பச் சேர்ந்த மாநிலம் இது. ஆனால் அதை மட்டும் செய்தால் பில் பழைய இடத்துக்கு இறங்கிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏலத்தில் எகிறிய தொகை அப்படியேதான் இருக்கும். ஷெரில் ஜெயித்தார், 2026 ஜனவரி 20 அன்று பதவியேற்றதும் மின்கட்டணம் குறித்த உத்தரவுகளில் கையெழுத்திட்டார். அதற்காகவும் யாரும் வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்கவில்லை. கழிவு என்றால் அது தானாகவே பில்லில் வரும்.

வீட்டு வரியும் இப்படித்தான். அதைப் போடுவது ஊராட்சி, பள்ளி வாரியம், கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி). வீடு வாங்கப் போகிறவர்கள், கவர்னர் வரியைக் கட்டுப்படுத்திவிடுவார் என்று ரியல் எஸ்டேட் ஏஜென்ட் சொன்னால் அதை மாதத் தவணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சரி, மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? சப்ளை மாறும்போது உங்கள் கம்பிக் கம்பெனி ஒரு உறுதிக் கடிதம் அனுப்பும், அதிலிருந்து ஏழு நாளுக்குள் அவர்களை அழைத்து ரத்து செய்துவிடலாம். நான் குப்பையில் போட்டது அந்தக் கடிதத்தைத்தான். நாள் தாண்டிவிட்டாலும் அழைத்துப் பழையபடி மாற்றச் சொல்லுங்கள், அடுத்த மீட்டர் ரீடிங் தேதியில் மாறும். கணக்கு என் கணவர் பெயரில், கையெழுத்து அப்பாவுடையது என்பதால் பி.பி.யூ-வில் புகார் கொடுத்தோம். பேசிப் பேசி ஒரு பகுதிப் பணம் திரும்பி வந்தது, மொத்தத்தில் சுமார் 200 டாலர் போனது. பில்லில் 'பிரைஸ் டு கம்பேர்' என்று ஓர் எண் இருக்கும், வெளிக் கம்பெனிக்கு மாறாமல் இருந்தால் சப்ளைக்கு நீங்கள் கொடுக்கும் விலை அது, யார் என்ன விலை சொன்னாலும் அதோடு ஒப்பிடுங்கள். சில ஊர்கள் ஊர் முழுவதற்கும் சேர்த்து வெளிக் கம்பெனியோடு ஒப்பந்தம் போடுவதுண்டு, அது ஊராட்சியின் பெயரிலேயே கடிதமாக வரும், வேண்டாம் என்று விலகவும் வழி சொல்லியிருப்பார்கள். அது வேறு, இது வேறு.

இந்தியக் குடும்பங்கள் நெருக்கமாக இருக்கிற அபார்ட்மெண்டுகளில், பகலில் பெரியவர்கள் மட்டும் இருக்கிற நேரம் பார்த்து இவர்கள் வருகிறார்கள். எங்கள் கட்டடத்திலேயே இன்னும் இரண்டு வீட்டில் நடந்தது, இரண்டிலும் ஊரிலிருந்து வந்திருந்த மாமியார்தான் கதவைத் திறந்தவர். வந்தவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கிற மனசைக் காசாக்குகிறார்களே என்று நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அப்பாவிடம் நாங்கள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் விஷயம் தெரிந்த நாள் ராத்திரி அவர் சாப்பிடவில்லை. ஊருக்குப் போன பிறகும் ஒவ்வொரு ஃபோனிலும் "அந்தக் காசு முழுசா வந்துச்சாம்மா?" என்றுதான் ஆரம்பிப்பார். இந்த ஜூனில் மறுபடி வருகிறார். கதவின் உள்பக்கம் அவர் கண்ணுக்கு நேராக, பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "அப்பா, யார் வந்தாலும் தண்ணீர் கொடுங்கள். பில் என்னிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள்." ஃபிரிட்ஜ் மேல் இருந்த பில்லை எடுத்து பீரோவில் வைத்தாகிவிட்டது.