கம்பெனி மூடின பிராண்டோட பழைய செடான் வச்சிருக்கீங்களா? எங்க ஆரம்பிக்கணும்னு ஒவ்வொண்ணா பாப்போம்

கம்பெனியே இல்லாத கார ஓட்டுறேன்னு சொன்னா கேக்குறவங்க மூஞ்சில ஒரு பரிதாபம் வரும் பாருங்க, அது எனக்கு பழகிப்போச்சு. எங்கிட்ட இருக்கிறது சாப் 9-5, 4 சிலிண்டர் பெட்ரோல் டர்போ. விமானம் செஞ்சிட்டு இருந்த சுவீடன் கம்பெனி, 1949 கடைசில சாப் 92 ன்னு மொத கார தயாரிக்க ஆரம்பிச்சு, நடுவுல ஜெனரல் மோட்டார்ஸ் கைக்கு போயி, 2010 ல அவங்க வித்து, 2011 டிசம்பர் 19 ல கார் கம்பெனி திவால் மனு போட்டுச்சு. இது ஒண்ணும் தனிக்கதை இல்ல, ஓல்ட்ஸ்மொபைல் 2004 ல போச்சு, ரோவர் 2005, போண்டியாக்கும் சாட்டர்னும் 2010, மெர்க்குரி 2011. உங்க வண்டி இதுல எதுவா இருந்தாலும், இல்ல வேற எதுவா இருந்தாலும், கீழ சொல்ற வரிசைல போங்க. உதாரணத்துக்கு மட்டும் என் வண்டியவே எடுத்துக்கிறேன், ஏன்னா எனக்கு தெரிஞ்சது அதுதான்.

ஒண்ணு மட்டும் மொதல்லயே மண்டைல ஏத்திக்கோங்க. போனது பிராண்ட் பேரு, பார்ட் நம்பர் போகல. இந்த வண்டிங்கள காப்பாத்துறது மெக்கானிக் கைராசியோ நம்ம பாசமோ இல்ல, சரியான நம்பர கைல வச்சிருக்கிறதுதான்.

1. வண்டி ஜாதகத்த எடுங்க

முன் கண்ணாடிக்கு கீழயோ டிரைவர் கதவு பக்கத்து தூண்லயோ 17 எழுத்து நம்பர் இருக்கும், அதான் சேசிஸ் நம்பர். சாப்னா ஒய்எஸ்3 ன்னு ஆரம்பிக்கும். பத்தாவது எழுத்து மாடல் வருஷம், என்னுதுல 3 ன்னு இருக்கு, அப்டின்னா 2003. இது எதுக்குன்னா, ஒரே பேர்ல பத்து பன்னெண்டு வருஷம் வந்த வண்டிக்குள்ள நடுவுல ஏகப்பட்டத மாத்தி இருப்பாங்க, "9-5 க்கு ஒரு சென்சார் குடுங்க"ன்னு கேட்டா கடைக்காரர் எத குடுப்பாரு? எஞ்சின் கோடையும் எழுதிக்கோங்க, 2.0 லிட்டர்னா பி205, 2.3 னா பி235. கியர்பாக்ஸ் எது, டர்போ எது, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதுங்க. ஆமா, பேப்பர் நோட்டு. வண்டிலயே கெடக்கட்டும், விக்கும்போதும் அது கூடவே போகும்.

2. பார்ட்ஸ மூணு குவியலா பிரிங்க

மனசுக்குள்ளதான், கராஜ்ல இல்ல.

மொத குவியல், எவனும் பேர் பாக்காத சாமான்: ஃபில்டர், பிரேக் பேட், பேரிங், பெல்ட், பல்பு. இதெல்லாம் வேற கம்பெனிங்க தொடர்ந்து செஞ்சிட்டுதான் இருக்காங்க, கவலையே வேணாம். ரெண்டாவது குவியல், அடுத்தவன் வண்டிலயும் இருக்கிற சாமான். என் வண்டி டர்போ மாடல பொறுத்து கேரெட் இல்லன்னா மிட்சுபிஷி, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஐசின், காத்து அளக்குற சென்சார் பாஷ். சாப்னு எழுதின டப்பால வாங்குனா ஒரு விலை, செஞ்சவன் டப்பால வாங்குனா இன்னொரு விலை, உள்ள இருக்கிறது ஒண்ணுதான். பழைய பார்ட்ட கழட்டினதும் துடைச்சு பாருங்க, செஞ்சவன் பேரும் நம்பரும் அதுலயே அச்சா இருக்கும், உடனே ஃபோட்டோ எடுத்து நோட்டுல ஏத்துங்க.

மூணாவது குவியல்தான் தலைவலி. இந்த ஒரு வண்டிக்கு மட்டும்னே செஞ்சது: ஹெட்லைட், பம்பர், கதவு ரப்பர், டேஷ்போர்ட் சாமான், கம்ப்யூட்டர் பெட்டிங்க. இத மட்டும்தான் முன்கூட்டியே தேடி வைக்கணும். சாப்ல ஒரு அதிர்ஷ்டம், பார்ட்ஸ் விக்கிற பிரிவு திவால்ல மாட்டாம தனியா நின்னுச்சு, அப்புறம் ஒரியோன்னு பேர் மாத்திகிட்டாங்க. எல்லா பிராண்டுக்கும் இந்த அதிர்ஷ்டம் கெடையாது, உங்க பிராண்டுக்கு யார் பார்ட்ஸ் வச்சிருக்காங்கன்னு வண்டி ஓடிட்டு இருக்கும்போதே விசாரிச்சு வைங்க, நின்னதுக்கு அப்புறம் இல்ல.

3. ரெண்டாவது சாவி

இத படிக்கிறப்போ உங்ககிட்ட ஒரே ஒரு சாவிதான் இருக்குன்னா மத்ததெல்லாம் விட்டுட்டு இத பண்ணுங்க. இந்த காலத்து வண்டில சாவிக்குள்ள ஒரு சிப் இருக்கு, அது வண்டிக்குள்ள இருக்கிற திருட்டு தடுப்பு பெட்டியோட ஜோடி சேந்தது. 9-5 ல அந்த பெட்டிக்கு ட்வைஸ்னு பேரு. ஓடுற சாவி ஒண்ணு இருக்கும்போது இன்னொண்ண சேக்குறது சின்ன வேலை, இருந்த ஒண்ணையும் தொலைச்சிட்டா பெட்டியவே மாத்துற அளவுக்கு போகும். பழைய வண்டில இருந்து கழட்டின பெட்டிய அப்படியே மாட்டினாலும் வேலை செய்யாது, அது வேற சாவிய கட்டிகிட்டது.

சாப் ஓட்டுறவங்களுக்கு மட்டும் ஒரு கொசுறு: சாவி போடுற எடம் ரெண்டு சீட்டுக்கும் நடுவுல கியர் பக்கத்துல இருக்கு, மேனுவல்னா ரிவர்ஸ்ல போட்டாதான் சாவி வெளிய வரும். அந்த ஓட்டைக்கு மேல எதையும் குடிக்காதீங்க. கொட்டுச்சுன்னா நேரா உள்ளதான் போகும்.

4. ஆயில்

இங்கதான் கொஞ்சம் நிதானமா படிக்கணும். ஒவ்வொரு பழைய பிராண்டுக்கும் எஞ்சின கொல்ற வியாதி ஒண்ணு இருக்கும், அது என்னன்னு உங்க மாடலுக்கு கண்டுபுடிக்கிறது உங்க வேலை. சாட்டர்ன் எஸ் சீரிஸ் 1.9 எஞ்சின்னா ஆயில் குடிக்கும், அதனால ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடுறப்பவும் டிப்ஸ்டிக், அதான் ஆயில் அளவு காட்டுற கம்பிய பாக்கணும், லைட் எரியட்டும்னு காத்திருந்தீங்கன்னா லேட்டு. 9-5 ல 2003 வரைக்கும் வந்த 4 சிலிண்டர் பெட்ரோல் வண்டிங்களுக்கு வியாதி கசடு.

எப்படி வருதுன்னா, எக்ஸாஸ்ட் புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடா, ஆயில் சம்ப்ப (எஞ்சினுக்கு அடில ஆயில் நிக்கிற தொட்டி) ஒட்டியே இருக்கு, டர்போ சூடு வேற, எஞ்சினுக்குள்ள சேர்ற புகைய வெளிய தள்ற பழைய பிசிவி அமைப்பு அவ்வளவு திறமையா இல்ல, அதோட ஆயில மாத்தாம ரொம்ப தூரம் ஓட்டுற பழக்கமும் சேர்ந்தா ஆயில் தார் மாதிரி கெட்டியாகி, கரித்துகள் போயி சம்ப்புக்குள்ள ஆயில உறிஞ்சுற வடிகட்டில ஒட்டிக்கும். வடிகட்டி அடைச்சா பிரஷர் இருக்காது, பிரஷர் இல்லன்னா பேரிங், செயின், டர்போ எல்லாம் வரிசையா போகும்.

செய்ய வேண்டியது இதான். ஆயில் ஊத்துற மூடிய கழட்டி டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. தேன் கலர்ல இருந்தா பரவால்ல, கறுப்பா தடிமனா படிஞ்சிருந்தா உஷார். ஆனா மேல சுத்தமா இருக்கிறத வச்சு கீழயும் சுத்தம்னு முடிவு பண்ணாதீங்க, சம்ப்ப எறக்கி பாக்குறது ஒண்ணுதான் உறுதியான வழி. எக்ஸாஸ்ட் பைப்ப கழட்டணும், அரை நாள் வேலை, மெக்கானிக் "எதுக்கு சார், நல்லாதான் ஓடுது"ன்னு சொல்லுவாரு, கேக்காதீங்க. எறக்கினதுக்கு அப்புறம் வடிகட்டிய கழுவி, உறிஞ்சு குழாய்ல இருக்கிற ஓ ரிங்கையும் (ரப்பர் வளையம்) புதுசு போடுங்க, அது காஞ்சு போனா ஆயிலுக்கு பதிலா காத்த இழுக்கும். கையோட பிசிவிய கடைசியா வந்த கிட்டுக்கு மாத்திருங்க, ஆறாவது அப்டேட்னு சாப் ஆளுங்க சொல்லுவாங்க, அதுக்கு தனி பார்ட் நம்பர் இருக்கு.

அதுக்கு அப்புறம் முழு சிந்தெடிக் ஆயில், மேனுவல்ல சொன்ன கிரேடு, 8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. மேனுவல் அதுக்கு மேல போகலாம்னு சொன்னாலும் சரி, நான் போக மாட்டேன். எஞ்சின் ஃப்ளஷ்னு ஒரு பாட்டில் விப்பாங்க, சம்ப்ப தொறக்காம அத ஊத்தினா உள்ள ஒட்டிட்டு இருந்த கட்டி மொத்தமா பேந்து நேரா வடிகட்டில போய் உக்காரும், நல்லா இருந்த எஞ்சின நாமளே கொன்ன மாதிரி. ஐடில்ல ஆயில் லைட் மின்னுச்சுன்னா வீடு வரைக்கும் போயிரலாம்னு நெனைக்காம அங்கயே ஆஃப் பண்ணுங்க.

5. நடு வழில நிறுத்துற சாமான் எதுன்னு தெரிஞ்சு வைங்க

9-5 ல 4 சிலிண்டருக்கும் சேத்து ஒரே இக்னிஷன் கேசட், அதான் ஸ்பார்க் பிளக்குக்கு கரண்ட் குடுக்குற பெட்டி, எஞ்சின் மேல கறுப்பா நீளமா உக்காந்திருக்கும். நாலு டார்க்ஸ் ஸ்க்ரூ (தலைல நட்சத்திர ஓட்டை இருக்கிறது), ஒரு ஒயர் சாக்கெட், அவ்வளவுதான், கத்துகிட்டா பத்து நிமிஷம். இது போக ஆரம்பிச்சா வண்டி திக்கும், செக் எஞ்சின் லைட் மின்னும். பழைய மாடல்ல வர்ற சிவப்பு கேசட்டும் பாக்க இதே மாதிரிதான் இருக்கும், ஆனா ஒண்ணுக்கு பதில் இன்னொண்ணு ஆகாது. பிளக்கும் அதே கதைதான், இந்த வண்டி கம்ப்யூட்டர் ஸ்பார்க் பிளக் வழியாவே கரண்ட் அனுப்பி உள்ள சரியா எரிஞ்சுதான்னு அளக்குது, அதனால சொன்ன நம்பர் பிளக்க தவிர வேற எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் போடாதீங்க.

இதுல நான் பட்ட அடி ஒண்ணு சொல்றேன். ஓடிட்டு இருந்த பழைய கேசட்ட, வயசாச்சு மாத்திரலாம்னு, ஆன்லைன்ல எவனோ ஒருத்தன்கிட்ட பாதி விலைக்கு போலி ஒண்ண வாங்கி மாட்டினேன், பழச தூக்கி குப்பைல போட்டேன். மூணே வாரம். ராத்திரி, மழை, ஹைவே. லாரில ஏத்திட்டு வர்றப்போ பூரா அந்த குப்பைத்தொட்டிதான் ஞாபகம். அதுல இருந்து, நல்லா ஓடுறப்போ மாத்தின எந்த பார்ட்டையும் நான் தூக்கி போடுறதில்ல, தேதி எழுதி டிக்கில ஸ்பேரா போயிரும்.

அடுத்தது கிராங்க் சென்சார், எஞ்சின் சுத்துறத கம்ப்யூட்டருக்கு சொல்றது. இது கெட்டா எஞ்சின் சூடாகி ஓடிட்டு இருக்கும்போது சும்மா அணைஞ்சிரும், அரை மணி நேரம் ஆறவிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். பல நேரம் கம்ப்யூட்டர்ல கோளாறு கோடு கூட பதிவாகாது. நெறைய பேர் ஃபியூயல் பம்ப்னு நெனச்சு அத மாத்தி காச விடுறாங்க. சூடானா சாகுது, ஆறுனா பொழைக்குதுன்னா மொத சந்தேகம் சென்சார் மேலதான் வரணும்.

6. ரப்பர்

கிலோமீட்டர் கம்மியா ஓடின வண்டின்னு சந்தோஷப்படாதீங்க, ரப்பருக்கு கிலோமீட்டர் தெரியாது, வயசுதான் தெரியும். வேக்கம் ஹோஸ் (எஞ்சின சுத்தி போற சின்ன ரப்பர் குழாய்ங்க) எல்லாத்தையும் ஒரே நாள்ல சிலிகான் ஹோஸா மாத்துங்க, ஒண்ண கழட்டி, அதே நீளத்துக்கு வெட்டி, மாட்டி, அப்புறம்தான் அடுத்தது. மொத்தமா கழட்டி போட்டீங்கன்னா எது எங்க போகும்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். எஞ்சின் முனைல பெல்ட்ட சுத்துற சக்கரம், அதான் கிராங்க் புல்லி, அதுல உள்ள ரப்பர் பிரியுதான்னு பாருங்க, எஞ்சின் ஓடும்போது புல்லி ஆடினா காரணம் அதான். டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2319 ன்னா 2019 ல 23 ஆவது வாரம் செஞ்சது, பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் இந்த தேதியையும் பாருங்க. பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. டைமிங் பெல்ட்டா செயினான்னு உங்க எஞ்சினுக்கு கேட்டு தெரிஞ்சுக்கோங்க, 9-5 லயே 4 சிலிண்டர் பெட்ரோல் செயின், 3.0 வி6 பெட்ரோல் பெல்ட், இத கலந்து கட்டினா எஞ்சின் போயிரும்.

அதே காரணத்தாலதான் ரப்பர் பார்ட்ஸ வாங்கி குவிச்சு வைக்காதீங்க, அலமாரில இருந்தாலும் அதுக்கு வயசாகும்.

7. ரீகால்

கம்பெனி செத்தாலும் தாய் கம்பெனி இருந்தா பல நேரம் பொறுப்பு அவங்களுக்கு வரும். சாட்டர்ன் 2010 லயே மூடியாச்சு, ஆனா 2014 ல ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் சுவிட்சுக்காக திருப்பி கூப்பிட்ட வண்டிங்கள்ல சாட்டர்ன் அயானும் இருந்துச்சு. டகாட்டா கம்பெனி செஞ்ச ஏர்பேக் வெடிக்கிற விஷயத்துல சாப் 9-3 ல சில வருஷ மாடலுங்க இருக்கு. சேசிஸ் நம்பர போட்டு ரீகால் பாக்குற அரசு தளம் உங்க நாட்ல இருந்தா இன்னைக்கே பாத்துருங்க, அஞ்சு நிமிஷம் கூட ஆகாது.

8. ஸ்கேனரும் மேனுவலும்

சாதாரண ஓபிடி2 ஸ்கேனர் ஒண்ணு வாங்கிக்கோங்க, எஞ்சின் கோட படிக்க அது போதும். ஆனா ஏர்பேக், சாவி, கதவு பூட்டு இதெல்லாம் அதுக்கு புரியாது, அதுக்கு அந்த பிராண்டுக்கே உள்ள கருவி வேணும், சாப்னா டெக் 2. சொந்தமா வாங்கணும்னு அவசியம் இல்ல, யார்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சா போதும். அந்த கருவி வச்சிருக்கிற மெக்கானிக்குக்கு இந்த வண்டியும் தெரிஞ்சிருக்கும், அவர விடாதீங்க. ஒர்க்ஷாப் மேனுவல், பார்ட்ஸ் படம் போட்ட கேட்டலாக் ரெண்டையும் தேடி டவுன்லோட் பண்ணி வைங்க, போன்ல மட்டும் இல்லாம இன்னொரு எடத்துலயும்.

9. இடிச்சிட்டா

இதான் யாரும் மொதல்ல யோசிக்காதது. இந்த வண்டிங்க பல நேரம் எஞ்சின் போயி சாகுறதில்ல, ஒரு ஹெட்லைட்டும் ஒரு பம்பரும் ஒடஞ்சதுக்கே இன்சூரன்ஸ்காரங்க ரிப்பேர் செலவு வண்டி மதிப்ப தாண்டுதுன்னு கணக்க முடிச்சிருவாங்க. அதனால ஸ்கிராப் யார்டுக்கு உங்க மாடல் வந்திருக்குன்னு தெரிஞ்சா எஞ்சின பாக்காதீங்க, நேரா ஹெட்லைட், டெயில் லைட், கண்ணாடி, கதவு கைப்பிடி, அந்த பிளாஸ்டிக் கிளிப்புங்க. கிளிப்ப பை நெறைய எடுங்க, கழட்டும்போது பாதி ஒடையத்தான் செய்யும். நீங்க பண்ணின வேலைக்கான பில்லு எல்லாத்தையும் நோட்டுலயே ஒட்டி வைங்க, மதிப்பு போடுறப்போ காட்ட அது ஒண்ணுதான் கைல இருக்கும்.

டிக்கில என்ன இருக்கணும்னா: ஸ்பேர் கேசட், அத கழட்டுற டார்க்ஸ் பிட்டு, கிராங்க் சென்சார், ஒரு லிட்டர் ஆயில், டார்ச், அந்த நோட்டு. கேசட்ட மட்டும் தலைகீழா போட்டு வைக்காதீங்க, எப்படி எஞ்சின் மேல உக்காருமோ அப்படியே நேரா ஒரு துணில சுத்தி வைங்க.