லாரி எஞ்சினை மாற்றும் முன்

பழைய லாரி எஞ்சின் புகை கக்கினால் உடனே வேறு எஞ்சின் தேட வேண்டாம். முதலில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் குறைந்தால் வால்வோ, கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டோ காரணமாக இருக்கலாம். பெரும்பாலும் பழுது பார்ப்பதே லாபம். எல்லாவற்றிலும் குறைந்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டரின் உள்சுவரான லைனர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம், கழற்றிய ஆயில் ஃபில்டரை வெட்டி, உள்ளிருக்கும் மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். செம்பு நிறத்தில் துகள்கள் மினுங்கினால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது; அதற்கு மேல் வண்டியை ஓட்டவே கூடாது. ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது; அப்போதும் ஓட்டாதீர்கள். ஆனால் அது வெறும் ஆயில் கூலர் (ஆயிலைத் தண்ணீரால் குளிர்விக்கும் பாகம்) ஓட்டையாகவும் இருக்கலாம், சின்ன வேலைதான்.

மாற்று எஞ்சினும் பழையதுதான் என்றால், கம்ப்ரஷன் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.