காற்றழுத்தம் போனால் முதலில் மாஸ்க்: மலையிலிருந்து விமானி வேலைக்குப் போகிறவர்களுக்கு

எனக்குச் சொந்த ஊர் குன்னூர். பல வருஷமாக ஏர்பஸ் ஓட்டுகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது துணை விமானியாகச் சேர்கிறார்கள். லீவில் வரும்போது அவர்கள் கேட்பதற்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். எஞ்சின் நிற்பது, தீப்பிடிப்பது எல்லாம் சிமுலேட்டரில், அதாவது தரையில் இருக்கும் பயிற்சி இயந்திரத்தில், அலுக்க அலுக்கப் பழக்கிவிடுவார்கள். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் போவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதில் ஆக்சிஜன் குறைந்து முதலில் கோளாறாவது உங்கள் மூளை.

"நாங்க ஊட்டிக் காத்துல வளர்ந்தவங்க அங்கிள், எங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று ஒரு பையன் சொன்னான். கணக்கைப் பாருங்கள். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் அழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல வைக்கப்படுகிறது. ஊட்டி சுமார் 7,350 அடி. ஆக, பயணிகள் எல்லோரும் ஏறக்குறைய ஊட்டிக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். அந்த அழுத்தம் திடீரென்று போனால், தெளிவாக யோசிக்கக் கிடைப்பது அதிகபட்சம் 30 முதல் 60 நொடி. கோத்தகிரிக்காரருக்கும் ராமேஸ்வரத்துக்காரருக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

மூச்சு முட்டும், அப்போது தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பலருக்கு உற்சாகமாகத்தான் இருக்கும். விரல் நுனி மரமரக்கும், சின்னக் கூட்டலுக்கு நேரமாகும். நகம் நீலமாகும் என்று புத்தகத்தில் இருக்கும். ஜனவரிக் குளிரில் நமக்கு அது வீட்டிலேயே ஆகும், அதை நம்பி உட்காராதீர்கள்.

2005 ஆகஸ்ட் 14-ல் சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் 522 விமானத்தைப் பற்றிக் கட்டாயம் படியுங்கள். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் 'மேனுவல்' நிலையிலேயே இருந்துவிட்டது. ஏறும்போது எச்சரிக்கை ஹாரன் அடித்தது. அந்த போயிங் 737-ல், ஓடுபாதையில் இறக்கை அமைப்பு சரியில்லை என்றாலும் இதே ஹாரன்தான். விமானிகள் அதுவென்று நினைத்து, தரையில் இருந்த இன்ஜினியரோடு பேசிக்கொண்டே ஏறினார்கள். ஆக்சிஜன் குறைந்து மயங்கிப்போனார்கள், விமானம் விழுந்து 121 பேரும் இறந்தார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் ஒன்று: பறக்கும்போது புரியாத ஹாரன் அடித்தால் கை ஆக்சிஜன் மாஸ்க்குக்குப் போகட்டும். காரணத்தை மாஸ்க்குக்குள் இருந்துகொண்டு தேடலாம்.

அந்த மாஸ்க்கை எப்படிப் பழகுவது? உங்கள் சீட்டுக்கு வெளிப்பக்கம் ஒரு பெட்டியில் இருக்கும். ஒரே கையால் சிவப்புப் பிடிகளை அழுத்தி இழுத்தால் தலைப்பட்டை காற்றில் உப்பும். தலைக்கு மேல் கொண்டுபோய் விட்டால் அதுவே இறுகிக்கொள்ளும். 5 நொடிக்குள் முடிய வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடே பழகுங்கள், கழற்றி வைக்க நேரமிருக்காது. தாடி அடர்த்தியாக இருந்தால் மாஸ்க் முகத்தில் சரியாகப் படியாது. வீட்டில் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, கையை அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பழகலாம். அம்மா பார்த்தால் சிரிப்பார்கள். பரவாயில்லை.

போட்டதும், பக்கத்து ஆளுக்கு நீங்கள் பேசுவது கேட்கிறதா என்று பாருங்கள். மாஸ்க் மைக்குக்கு மாறாமல் இருவரும் தனித்தனியாகக் கத்திக்கொண்டிருப்பதை சிமுலேட்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம்தான் இறக்கம். ஒருவர் விமானத்தை இறக்க, மற்றவர் ரேடியோவில் 'மேடே' என்று ஆபத்து அழைப்புச் சொல்லி, ரேடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் அவசரநிலைக் குறியீடான 7700 போட்டு, செக்லிஸ்ட்டைப் படிக்க வேண்டும். பயணிகளின் தலைக்கு மேல் விழும் மாஸ்க்கில் ஆக்சிஜன் சுமார் 12 நிமிடத்துக்குத்தான் வரும். மாஸ்க் இல்லாமலே மூச்சுவிடக்கூடிய 10,000 அடிக்கு இறங்க ஐந்து நிமிடம் போல ஆகும் என்பதால் அது போதும்.

ஆனால் 10,000 என்பதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்யாதீர்கள். தொட்டபெட்டா 8,650 அடி. மலைப் பகுதியில் சிகரத்துக்கு மேல் 2,000 அடி இடைவெளி வேண்டும். கூட்டினால் 10,650. நம் வீட்டுக்கு மேலேயே 10,000 அடி செல்லாது! கீழே என்ன மலை என்று பறக்கும் ஒவ்வொரு பகுதியிலும் வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். ஹாரன் அடித்த பிறகு தேட முடியாது.

இனி உடம்பு. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் உப்பிவிடும், பார்த்திருப்பீர்கள். குடலில் இருக்கும் வாயுவுக்கும் அதே கதிதான். 8,000 அடியில் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும். அழுத்தம் போனால் இன்னும் எவ்வளவோ. அதனால் அவரைக்கொட்டைக் குழம்பு, முட்டைக்கோஸ் எல்லாம் லீவு நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

சளி இருந்தால் பறக்காதீர்கள். நீலகிரித் தைலம் விட்டு ஆவி பிடித்தால் மூக்கு திறக்கும், காதுக்குள் போகும் குழாய் திறந்ததா என்பது வேறு விஷயம். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதிப் பாருங்கள். இரண்டு காதிலும் 'பொட்' என்று கேட்கவில்லை என்றால் ரோஸ்டர் (வேலை அட்டவணை) போடும் ஆட்களுக்கு போன் போட்டு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள். புதுசாகச் சேர்ந்தவர்கள் இதற்குக் கூச்சப்படுகிறார்கள். இறங்கும்போது செவிப்பறை கிழிந்தால் வாரக்கணக்கில் 'அன்ஃபிட்', பறக்க விடமாட்டார்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரையும் வேண்டாம், பல மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் நம் ஊரில் வீட்டுக்கு வீடு ஒயின் ஊறும். பறப்பதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே மது கூடாது என்பது விதி, கிளம்பும் முன் ஊதிக் காட்ட வேண்டும், அளவு பூஜ்ஜியம். மவுத்வாஷ், இருமல் சிரப்பிலும் ஆல்கஹால் இருக்கலாம், லேபிளைப் பாருங்கள்.

தூக்கம் பற்றி ஒன்றுதான். அதிகாலை 2 முதல் 6 வரை உடம்பு எப்படியும் மந்தமாகத்தான் இருக்கும். அந்த நேரத்துப் பறப்பு ரோஸ்டரில் இருந்தால் முந்தின மதியமே கொஞ்சம் தூங்குங்கள். மழைக்காலத்தில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் எத்தனை மணி நேரம் நிற்போம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அக்டோபர், நவம்பரில் முதல் நாளே மலையிறங்கி, கோவையில் உறவினர் வீட்டிலோ லாட்ஜிலோ படுத்துத் தூங்கிவிட்டு விமான நிலையத்துக்குப் போங்கள்.