சிம்மில் கேம்பர், ரோட்டில் கேம்பர்

அசெட்டோ கோர்ஸா காம்பெடிசியோனே என்ற கார் பந்தய சிம்மில் (நிஜமாக ஓட்டுவது போலவே இருக்கும் வீடியோ கேம்) ஜிடி3 வகைப் பந்தயக் கார் எடுத்தால் முதலில் டயர் பிரஷர். காய்ந்த தடத்தில், சூடான பிறகு 26–27 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். அப்புறம்தான் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்; மைனஸ் என்றால் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வு. முன்சக்கரத்துக்கு மைனஸ் 3.5 டிகிரி வைத்து நாலைந்து சுற்று ஓட்டிப் பாருங்கள். டயரின் உள்பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சுட்டால் சரி; ரொம்பச் சுட்டால் கேம்பரைக் குறையுங்கள். முன்னால் லேசான டோ அவுட் (சக்கரங்களின் முன்விளிம்பு வெளிப்பக்கம் திரும்பியிருப்பது) வளைவில் சட்டென்று திரும்ப வைக்கும், பின்னால் டோ இன் (உள்பக்கம் திரும்பியிருப்பது) காரின் வால் வழுக்கி விலகாமல் அடக்கும்.

இதே எண்களோடு வீட்டு ஸ்விஃப்ட்டை ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகாதீர்கள் (என் மச்சான் போனான்). ரோட்டுக் காரில் கேம்பர் பெரும்பாலும் ஒரு டிகிரி அளவுதான், டோ பூஜ்யத்தை ஒட்டி. பல சின்னக் கார்களில் டோவை மட்டும்தான் மாற்றவே முடியும். அது தப்பினால் டயர் ஓரம் தேய்ந்துவிடும். சிம்மில் புது டயருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, ரோட்டில் கொடுக்க வேண்டும். வீல் அலைன்மென்ட்டுக்கு (இந்தக் கோணங்களைச் சரிசெய்வதற்கு) முன் காற்றைச் சரிபார்த்து, சக்கரத்தை ஸ்டீயரிங்கோடும் சஸ்பென்ஷனோடும் இணைக்கும் டை ராடு, பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் வைத்த அளவு நிற்காது.