லாங் ரைடு சீட் வாங்கறீங்களா, மெத்து மெத்துன்னு இருக்கறத பாத்து ஏமாறாதீங்க

பைக்கோட வந்த சீட்ல ஒரு மணி நேரம் தாண்டுனாலே பின்பக்கம் மரத்துப் போகுதா, எனக்கும் அதே கதைதான். உடனே போய் இருக்கறதுலயே மெத்துன்னு இருந்த ஜெல் சீட்டா பாத்து மாட்டுனேன், கடையில உக்காந்தப்ப சோபா மாதிரி இருந்துச்சு, ரோட்ல நூறு கிலோமீட்டர் போறதுக்குள்ள பழசே தேவலாம்னு ஆயிடுச்சு.

ஏன்னா உக்காரும்போது நம்ம எடை இறங்க வேண்டிய இடம் இடுப்புக்கு அடியில ரெண்டு பக்கமும் முண்டு மாதிரி இருக்கே, அந்த எலும்பு மேல. ஃபோம் ரொம்ப சாஃப்ட்டா இருந்தா எலும்பு அப்படியே அமுங்கி அடியில இருக்கற தகட்டுல போய் முட்டும், சுத்தி இருக்கற ஃபோம் மேல எழும்பி தொடைக்கு நடுவுல சதைய நெரிக்கும், அங்கதான் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுது, மரத்துப் போறதுக்கு அதுவும் ஒரு முக்கிய காரணம். அதனால கொஞ்சம் கெட்டியா, அமுக்குனா மெதுவா இறங்கி ஒரு இடத்துல நிக்கற ஃபோமா பாருங்க. சீட்ட தரையில வெச்சு ஒரு முட்டிய ஊனி முழு எடையும் போடுங்க, அடித்தகடு முட்டியில தட்டுப்பட்டா அந்த சீட் வேணாம்.

அடுத்தது அகலம். ஒரு கெட்டி ஸ்டூல் மேல அட்டைப்பெட்டி அட்டைய போட்டு ஒரு நிமிஷம் உக்காந்து எந்திரிங்க, ரெண்டு குழி விழுந்திருக்கும், நடுவுக்கு நடு அளந்தா நிறைய பேருக்கு 10லேர்ந்து 15 சென்டிமீட்டருக்குள்ள வரும். அந்த ரெண்டு குழியும் சீட்டோட தட்டையான பாகத்துல விழணும், ஓரத்துல வளைஞ்சு இறங்கற இடத்துல விழுந்தா எவ்ளோ விலை கொடுத்தாலும் வலிதான். பின்னாடி அகலமா இருக்கட்டும், ஆனா டேங்க் பக்கம் ஒடுக்கமா இருக்கணும், முன்னாடி அகலமா இருந்தா தொடை விரிஞ்சு கால் தரைக்கு எட்டாது, சீட் உயரம் அதேதான் இருக்கும், ஆனாலும் எட்டாது. சீட் 2 சென்டிமீட்டர் ஏறுனா முட்டி மடங்கறது குறைஞ்சு நிம்மதியா இருக்கும், ஆனா சிக்னல்ல கால் ஊனறதயும் யோசிச்சுக்கோங்க.

யாரும் பெருசா கண்டுக்காத விஷயம் சரிவு. சீட் முன்பக்கமா இறங்குனா நாம வழுக்கி வழுக்கி டேங்க்ல போய் ஒட்டுவோம், அத தடுக்க கையால ஹேண்டில்பார தள்ளிக்கிட்டே ஓட்டுவோம், சாயங்காலம் மணிக்கட்டும் தோளும் வலிச்சா பழிய ஹேண்டில்பார் மேல போடுவோம். இத சென்டர் ஸ்டாண்டுல வெச்சு பாத்தா தெரியாது, நீங்க ஏறி உக்காந்து சஸ்பென்ஷன் இறங்குனப்புறம் பக்கத்துல ஒருத்தர நின்னு பாக்கச் சொல்லுங்க.

மெட்டீரியல் பத்தி சுருக்கமா: ஜெல் வெயில்ல நின்னா சூட்ட பிடிச்சு வெச்சுக்கும், மெமரி ஃபோம் குளிர்ல கல்லாயிடும், காத்து குஷன் நல்லா வேலை செய்யும் ஆனா பம்முன்னு ஊதக்கூடாது, எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு விரல் கனம் காத்து போதும். உக்கார்ற இடத்துலயே தையல் ஓடுனா மழையில தண்ணி உள்ள இறங்கி ஸ்பாஞ்ச் மாதிரி குடிச்சுக்கும், அப்புறம் ரெண்டு நாளைக்கு ஈர டவுசர்தான்.

இப்ப மாட்டற வேலை. வாங்கறதுக்கு முன்னாடியே மாடல் பேர் மட்டும் இல்லாம எந்த வருஷத்து வண்டின்னும் சொல்லி கேளுங்க, ஒரே பேர்ல வர்ற வண்டிக்கே ஃப்ரேம் மாறியிருக்கும். பழைய சீட்ட கழட்டுனதும் போல்ட், வாஷர், புஷ் (சீட்ட தாங்கற சின்ன ரப்பர் கட்டை) எது எங்க இருந்துச்சுன்னு போட்டோ எடுத்துக்கோங்க. புது சீட்ட வெக்கறப்ப முதல்ல சீட்டுக்கு அடியில இருக்கற நாக்கு ஃப்ரேம்ல இருக்கற கொக்கிக்குள்ள போகணும், அதுக்கப்புறம்தான் அமுக்கி லாக் பண்ணணும் இல்ல போல்ட் போடணும், பலத்த போட்டு அடிச்சு உக்கார வைக்காதீங்க. அடியில இருக்கற ரப்பர் புஷ் எல்லாமே ஃப்ரேம்ல பதியணும், பதியுதான்னு பாக்க புஷ் மேல கொஞ்சம் சாக்பீஸ் தேய்ச்சு சீட்ட மாட்டி உக்காந்து எந்திரிச்சு கழட்டி பாருங்க, ஃப்ரேம்ல எந்த புஷ்ஷோட அடையாளம் இல்லையோ அங்க எடை தாங்கல, அப்படியே விட்டா லாக் மேலயே எல்லா பாரமும் விழுந்து கொஞ்ச நாள்ல தகடு விரிசல் விடும். ஒயர் எதுவும் நடுவுல மாட்டி நசுங்கலையான்னு பாருங்க, அடித்தகடு இரும்பா இருந்தா பேட்டரி டெர்மினல்ல உரசுதான்னு கண்டிப்பா பாக்கணும், உரசுனா ஷார்ட் ஆயிடும். கடைசியா சீட்டோட முன்னாடியும் பின்னாடியும் பிடிச்சு மேல இழுத்து பாருங்க, கொஞ்சம் கூட தூக்கக்கூடாது.

புது ஃபோம் கொஞ்சம் பழகணும், முதல் நாளே தீர்ப்பு சொல்லாதீங்க, சின்ன சின்ன ரைடா போய் பாருங்க, அப்புறம் போல்ட்ட ஒரு தடவ டைட் பண்ணிடுங்க. அப்பவும் ஒரு பக்கம் மட்டும் வலிச்சா முதல்ல பின் பாக்கெட்ல இருக்கற பர்ஸ எடுங்க, உள்ளாடை தையல் எங்க அழுத்துதுன்னும் பாருங்க, சிரிக்காதீங்க, நெஜமாவே சில பேருக்கு அதுதான் பிரச்சனை. இன்னொன்னு, ஒரு முழு நாள் ரைடு முடியற வரைக்கும் பழைய சீட்ட யாருக்கும் கொடுத்துடாதீங்க. நான் ஜெல் சீட் மாட்டுன அன்னிக்கே கொடுத்துட்டு, அடுத்த நாலு மாசம் பாதி தூரம் ஃபுட்ரெஸ்ட் மேல நின்னுக்கிட்டே ஓட்டுனேன்.