கான்கூன் கடலடிச் சிற்பங்கள்: எங்கே சொதப்புகிறோம்?

மெக்சிகோவின் கான்கூனில் கடலுக்கு அடியில் இருக்கும் சிற்ப மியூசியத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். சிலர் ‘வாழ்நாளில் மறக்க முடியாது’ என்பார்கள். மற்றவர்கள் ‘தண்டச் செலவு, பாசி பிடித்த நாலு பொம்மைகள்’ என்பார்கள். டிக்கெட் வாங்கும்போது எந்தப் பகுதிக்குப் போகிறோம் என்று கேட்காததுதான் பெரும்பாலும் இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

மூசா என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த மியூசியத்துக்கு இரண்டு கூடங்கள். ஒன்று கான்கூன் ஹோட்டல் பகுதியின் தெற்கு முனையில், புந்தா நிசுக். ஆழம் சுமார் 4 மீட்டர், ஸ்நார்கல் மட்டும்தான், அதாவது மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு மேலே மிதந்தபடி பார்ப்பது. இன்னொன்று இஸ்லா முஹேரெஸ் தீவுக்குப் பக்கத்தில், மன்சோனெஸ். அங்கே சுமார் 8 மீட்டர் ஆழம், காற்று சிலிண்டரோடு கீழே இறங்கும் ஸ்கூபா டைவிங் செய்யலாம். இணையத்தில் எல்லோரும் பகிரும் படம், நானூறுக்கும் மேற்பட்ட ஆளுயர மனிதர்கள் கூட்டமாக நிற்கும் ‘மௌனப் பரிணாமம்’, இருப்பது மன்சோனெஸில். நிசுக்குக்கு டிக்கெட் எடுத்துவிட்டு அந்தக் கூட்டத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். மன்சோனெஸிலும் மேலே மிதந்தபடி ஸ்நார்கல் செய்பவருக்குத் தலைகள்தான் தெரியும். அந்த முகங்கள் உள்ளூர் மக்களை, குழந்தைகள் முதல் முதியவர்கள் வரை, நேரில் அச்செடுத்துச் செய்தவை. அவற்றை எதிரே நின்று பார்க்க வேண்டுமென்றால் கீழே இறங்கத்தான் வேண்டும். டைவிங் தெரியாதவர்களை ஒரு பயிற்சியாளர் கூடவே இருந்து அழைத்துப்போகும் அறிமுக டைவ் இருக்கிறது. கொஞ்சம் காசு கூட ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான்.

அடுத்து, அந்தப் படங்களை நம்பிப் போவது. அவற்றில் பல 2010-இல் மியூசியம் திறந்த சமயத்தில் எடுத்தவை. அப்போது சிலைகள் சாம்பல் நிறத்தில், கண் மூக்கு தெளிவாக இருந்தன. இப்போது பாசியும் கடற்பஞ்சும் பவளமும் ஏறிப் பல முகங்கள் அடையாளமே தெரியாது. இது பராமரிப்புக் குறை இல்லை, திட்டமே அதுதான். இந்தக் கடல் 1996 முதல் தேசியப் பூங்கா. 2005-இல் வில்மா புயல் இங்குள்ள பவளப்பாறைகளைப் புரட்டிப் போட்டது. போதாக்குறைக்கு, வருகிற கூட்டத்தின் கால் உதையும் நங்கூரமும். பூங்காவின் அப்போதைய இயக்குநர் ஹைமே கொன்சாலெஸ் கானோவும் பிரிட்டிஷ் சிற்பி ஜேசன் டிகேர்ஸ் டெய்லரும் சேர்ந்து கண்டுபிடித்த வழிதான் இது: கூட்டத்தைச் சிலைகள் பக்கம் இழுத்துவிட்டால் இயற்கைப் பாறைகளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். பவளம் பிடித்து வளர்வதற்கென்றே காரத்தன்மை குறைத்த சிமெண்ட்டில் வார்த்தார்கள். எட்டு டன் எடையுள்ள பீட்டில் கார் சிலை ஒன்றும் உண்டு. அதன் உள்ளே சிங்கி இறால்கள் குடியிருக்க இடம் விட்டிருக்கிறார்கள். ஆகவே மூக்கு நுனியைத் தேடாமல், அந்த மூக்கில் என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று, 8 மீட்டர் ஆழத்தில் சிவப்பு நிறம் பெரும்பாலும் மறைந்து எல்லாமே நீலப்பச்சையாகத் தெரியும். போனில் எடுத்த படம் மங்கலாக வந்தால் போனைத் திட்டிப் பயனில்லை.

இனி உடம்பு விஷயம். மாஸ்க்குக்குள் தண்ணீர் வருகிறது என்று பாதியில் படகேறுகிறவர்கள் நம் ஆட்களில் நிறைய. மாஸ்க் மேல் பழி போடுவதற்கு முன் மீசையைப் பாருங்கள். அடர்ந்த மீசையும், மாஸ்க் விளிம்பில் சிக்கிய முடியும் இருந்தால் எந்த மாஸ்க்கும் ஒழுகத்தான் செய்யும். மீசையை எடுக்கச் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்! மூக்குக்குக் கீழே ஓரிழை அளவு கத்தரித்தாலே ஓரளவு சரியாகும். முந்தின நாள் ஹோட்டல் நீச்சல் குளத்தில் மாஸ்க் போட்டு, வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பழகுங்கள். கடலில் வரும் பதற்றம் பாதி குறைந்துவிடும். நீச்சல் தெரியாவிட்டாலும் லைஃப் ஜாக்கெட்டோடு நிசுக்கில் மிதக்கலாம். அதுவும் பயம் என்றால் அடியில் கண்ணாடி பதித்த படகு இருக்கிறது. டைவிங் என்றால் மட்டும் சளி, காதுவலி, ஆஸ்துமாவை மறைக்காதீர்கள். ஆழத்துக்குப் போகப் போகக் காதில் அழுத்தம் ஏறும், மூக்கடைப்போடு அதைச் சமன்செய்ய முடியாது.

சன் ஸ்க்ரீனைப் பூசிக்கொண்டு படகுத் துறைக்குப் போகாதீர்கள். அதிலுள்ள சில ரசாயனங்கள் பவளத்துக்கு ஆகாது என்பதால் பூங்காவுக்குள் அதைத் தவிர்க்கச் சொல்வார்கள். முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொண்டால் முதுகு தப்பிக்கும்.

சிலையின் தோளில் கை போட்டு செல்ஃபி எடுக்கும் ஆசையும் வேண்டாம். ஒட்டியிருக்கும் இளம் பவளம் நசுங்கிப்போகும் என்பது ஒரு பக்கம். இங்கே ‘எரியும் மனிதன்’ என்றொரு சிலையில் நெருப்புப் பவளத் துண்டுகளை நட்டிருக்கிறார்கள். தொட்டால் சுட்டதுபோல எரியும், பெயர் சும்மா வைக்கவில்லை. மணல் தரைக்கு அருகே காலை வேகமாக அடிப்பதும் தவறு. மணல் கிளம்பினால் பின்னால் வருகிறவர்களுக்குக் கலங்கல்தான் மிச்சம்.

இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டுத் தேதியில் கோட்டை விடுகிறவர்களும் உண்டு. லீவின் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து ‘நோர்த்தே’ காற்று அடித்தால் துறைமுகத்தை மூடிவிடுவார்கள், படகே கிளம்பாது. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் வேறு. முதல் இரண்டு நாட்களுக்குள் வைத்துக்கொண்டால் ரத்தானாலும் மறுநாள் போகலாம். டைவ் செய்த உடம்போடு உடனே விமானம் ஏறவும் கூடாது. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள்.

அப்புறம் இரண்டு சில்லறை விஷயங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையில் படகுத்துறைக் கட்டணமும் பூங்காக் கட்டணமும் பல சமயம் சேர்ந்திருக்காது, முன்பே கேட்டு ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் ஹூஸ்டன் போன்ற ஊர்களிலிருந்து குளிர்காலத்தில் போகிறவர்கள் கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கான்கூன் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தில் ஓடுகிறது. அந்த மாதங்களில் ஹூஸ்டனைவிட ஒரு மணி நேரம் முந்தி. காலை 9 மணிப் படகு உங்கள் பழைய கணக்குப்படி 8 மணிக்கே போய்விடும்.