டெலிகேட் ஆர்ச்: குடும்பத்தோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"போய்வர 3 மைல்தானே!" அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்குப் போகும் குடும்பங்கள் போடும் முதல் தப்புக் கணக்கு இதுதான். டெலிகேட் ஆர்ச் என்னும் மணற்கல் வளைவுக்கான தூரம் உண்மையிலேயே அவ்வளவுதான். ஆனால் அதில் 480 அடி ஏற வேண்டும், பெரும்பகுதி மொட்டைப் பாறை, ஒதுங்கி நிற்க ஒரு மரம்கூடக் கிடையாது. கோடையில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாறையும் சூடேறித் தன் பங்குக்கு அனல் வீசும். காலை உணவை நிதானமாக முடித்துப் பத்து மணிக்குக் கிளம்புகிறவர்கள் திரும்பும்போது உச்சி வெயில். விடிந்த கையோடு நடக்கத் தொடங்க வேண்டும், இல்லையேல் மாலையில் போக வேண்டும். மாலையில் போனால் டார்ச் கட்டாயம்: அந்தி வெளிச்சத்தில் வளைவு அழகு, இறக்கம் கும்மிருட்டு.

தண்ணீர் விஷயத்தில் பூங்கா நிர்வாகம் சொல்வது தலைக்கு 2 லிட்டர். காரில் பெட்டி பெட்டியாக இருக்கும், கையில் அரை லிட்டர் பாட்டில் ஒன்று இருக்கும். கார் நிற்பதோ கீழே. பாதையில் குழாய் கிடையாது, பூங்காவுக்குள் உணவகமும் இல்லை. நுழைவாயிலை ஒட்டிய பார்வையாளர் மையத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போவதும் தவறு. வியர்வையோடு உப்பும் போய்விடும் என்பதால் உப்புள்ள தின்பண்டம் ஏதாவது வேண்டும்.

பிள்ளைகளை முன்னால் ஓடவிடுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பாறைமேல் பாதை என்று தனியாக ஒன்று தெரியாது; அடுக்கி வைத்த சிறு கல் குவியல்களைப் பார்த்துப் பார்த்துத்தான் போக வேண்டும். விளையாட்டுக்காக யாராவது புதுக் குவியல் கட்டினால் பின்னால் வருகிறவர்கள் வழி தவறுவார்கள். வளைவை நெருங்கும்போது சுமார் 200 கஜம் பாறை விளிம்பை ஒட்டியே நடக்க வேண்டும்: ஒரு பக்கம் சுவர்போல் பாறை, மறுபக்கம் பள்ளம். அந்த இடத்துக்கு முன்பே சிறுவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிள்ளை சுவர்ப் பக்கம், நீங்கள் பள்ளத்தின் பக்கம். வளைவின் அடியிலும் தரை சமமில்லை, கிண்ணம்போல் சரிந்து இறங்கும். 46 அடி உயரத் திறப்பு முழுவதையும் படத்தில் அடக்க வேண்டும் என்று கைப்பேசியைப் பார்த்தபடியே பின்னால் நகர்கிறவர்கள் பெரும்பாலும் அப்பாக்கள்தான். அவர்களையும் யாராவது பிடித்துக்கொள்வது நல்லது.

குறுக்கு வழி என்று மண்ணில் இறங்காதீர்கள். கறுத்து, புடைத்து, பொருக்குத் தட்டியதுபோல் தெரியும் அந்த மண்ணுக்கு உயிர் உண்டு. நுண்ணுயிர்கள் மணலைப் பிணைத்து வைத்திருக்கின்றன; ஒரு காலடி பட்டு நொறுங்கினால் பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். பாறையில் பெயர் செதுக்குவதும் வளைவின்மேல் ஏறுவதும் குற்றம். இதே மாநிலத்தின் காப்ளின் பள்ளத்தாக்கில் 2013-இல் பெரியவர்கள் சிலரே ஒரு பாறையைத் தள்ளிச் சாய்த்து, அதை வீடியோவும் எடுத்து, அந்த வீடியோவாலேயே வழக்கில் சிக்கினார்கள்.

இத்தனை காலம் நின்ற கல் இனிமேலா விழப்போகிறது என்று தோன்றும். இதே ஆர்ச்சஸ் பூங்காவில் 1991-இல் லேண்ட்ஸ்கேப் ஆர்ச் என்னும் வளைவிலிருந்து சுமார் 60 அடி நீளப் பாளம் பெயர்ந்து விழுந்தது. அப்போது அங்கே ஆட்கள் இருந்தார்கள். அதன் அடியில் செல்லும் பாதையைப் பிறகு மூடிவிட்டார்கள். 2008 ஆகஸ்ட்டில் இங்குள்ள வால் ஆர்ச் என்ற வளைவு முழுவதுமே இடிந்து விழுந்தது. இடி மின்னல் வரும்போது திறந்த பாறையில் நிற்கவே கூடாது; மேகம் திரண்டால் பாதி வழியானாலும் திரும்பிவிடுங்கள்.

கைக்குழந்தையும் முழங்கால் வலிக்காரரும் இருக்கும் குடும்பம் எல்லாரையும் இழுத்துக்கொண்டு மேலே ஏற வேண்டியதில்லை. டெலிகேட் ஆர்ச்சைத் தொலைவிலிருந்து பார்க்க, கார் நிறுத்துமிடத்தின் அருகிலேயே ஒரு காட்சி முனை இருக்கிறது. குழந்தைகளுக்கு இதே பூங்காவில் உள்ள சாண்ட் டியூன் ஆர்ச் போதும், உயர்ந்த பாறைச் சுவர்களுக்கு நடுவே நிழலும் காலடியில் மென்மணலும் இருக்கும். அங்கிருந்து அவர்களைக் கிளப்புவதுதான் பெரும்பாடு.